கதவில்லாத வேலை

அந்த டாப்லெட்டைப் பற்றிக் கெட்ட சொல் ஒன்றும் சொல்ல மாட்டேன். நல்ல சாமான். சுளகளவு அகலம், ஒரு கொப்பியின் தடிப்புக்கூட இல்லை, அதற்கென்று ஒரு பேனை. பேனையைச் சரித்துப் பிடித்தால் பென்சிலாகக் கீறும், நிமிர்த்திப் பிடித்தால் மையாக விழும். வருடக்கணக்காக மவுஸைப் பிடித்து இழுத்து மணிக்கட்டு வீங்கிப்போன எனக்கு அது பெரிய ஆறுதலாகத்தான் இருந்தது. ஆகவே, நான் இனிச் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, கஜந்தினிக்குப் புதுச் சாமான் பாவிக்கத் தெரியாது, அதுதான் துள்ளுகிறாள் என்று யாரும் சொல்ல வேண்டாம். அதை என் அண்ணன் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

நான் வீட்டுப் படம் கீறுகிறவள். சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். காணி வாங்கி வீடு கட்டுகிறவர்கள் என்னிடம் வருவார்கள். அவர்கள் கேட்பதைப் படமாக்கி, கட்டட எந்திரியிடம் காட்டித் திருத்தி, பிரதேச சபைக்குக் கொடுக்கும் கடைசித் தாள்வரை நான்தான் பார்ப்பேன். வலிகாமத்தில் நான் கீறிய வீடுகள் நிறைய நிற்கின்றன. அந்த வழியால் மோட்டார் சைக்கிளில் போகும்போது என் கணவருக்குக் காட்டுவேன். அவரும் ஒவ்வொரு முறையும் முதல் முறை பார்ப்பதுபோல் தலையாட்டுவார்.

நாங்கள் இருக்கிற வீட்டின் படத்தையும் நான்தான் கீறினேன். கலியாணத்துக்கு முன், யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் வேலை செய்த காலத்தில். அண்ணன் மயூரதன் கனடாவிலிருந்து காசு அனுப்ப, அம்மா வெயிலில் நின்று கட்டுவித்த சீதன வீடு. அதில் வடக்குப் பக்கமாகப் பெரிய யன்னல் வைத்து ஒரு சின்ன அறை எனக்கென்று கீறினேன். வடக்கு வெளிச்சம் கண்ணைக் கூசாது. அந்த அறையில் ஒரு மேசை, ஒரு கணினி, அதற்கு இரண்டு திரை. முக்கியமாக, ஒரு கதவு. கதவைச் சாத்தினால் நான் வேலையில் இருக்கிறேன், திறந்தால் வீட்டில் இருக்கிறேன். அம்மாவுக்கும் அது பழகிப்போய்விட்டது. யாராவது என்னைத் தேடி வந்தால், "கதவு சாத்தியிருக்கு, பிள்ளை வேலை செய்யிறாள்" என்று விறாந்தையிலேயே இருத்திவிடுவார். அந்தச் சொல்லை உள்ளே இருந்து கேட்கும்போது எனக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்தது என்று அப்போது தெரியவில்லை.

இந்த வருடம் நல்லூர்க் கொடியேற்றத்துக்கு அண்ணன் குடும்பத்தோடு வந்தார். அண்ணி கீர்த்திகா, இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள் தாரிகா, ஆறு பெட்டிகள். வந்த அன்றே பெட்டியைத் திறந்து டாப்லெட்டை எடுத்து என் கையில் தந்தார்.

"தங்கச்சி, இனி உந்தப் பழைய கொம்பியூட்டரைக் கட்டி மாரடிக்கத் தேவையில்லை. அங்கை பெரிய பெரிய ஆக்கள் எல்லாம் இப்ப இதிலைதான் வேலை. ஹோலிலை இருந்து செய்யலாம், குசினியிலை இருந்து செய்யலாம், கட்டில்லை படுத்துக்கொண்டும் செய்யலாம். இதுக்கெண்டு ஒரு அறை தேவையே இல்லை. தூக்கிக்கொண்டு போனால் சரி."

என் வேலையை நினைத்து இவ்வளவு விலையான ஒரு சாமானை இதுவரை யாரும் எனக்கு வாங்கித் தந்ததில்லை. அன்று இரவு சாப்பாட்டு மேசையில் வைத்தே தாரிகாவின் முகத்தைக் கீறிக் காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். "இதுக்கெண்டு ஒரு அறை தேவையே இல்லை" என்ற சொல் என் காதில் விழுந்தது, ஆனால் உள்ளே போகவில்லை.

அடுத்த நாள் காலை பிரதேச சபையில் அலுவல் இருந்தது. மத்தியானம் திரும்பி வந்தபோது என் அறைக்குள் ஏணி நின்றது. ஏணியில் ஒருவர் ஏறி நின்று சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார். ஏசி பூட்டுகிறாராம். மேசை இருந்த இடத்தில் பெரிய கட்டில், அதன்மேல் அண்ணியின் பெட்டிகள். என் கணினியும் இரண்டு திரைகளும் பின் விறாந்தையில் வெங்காயச் சாக்குகளுக்குப் பக்கத்தில், பழைய சாரத்தால் மூடப்பட்டுக் கிடந்தன. வயர்களையெல்லாம் ஒன்றாக உருட்டி ஒரு பொலித்தீன் பையில் போட்டிருந்தார்கள். மேசையை வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்து இறக்கத்தில் போட்டு, அதன்மேல் தேங்காய்களை அடுக்கியிருந்தார்கள்.

ஒரு சொல் கேட்கவில்லை. நான் வெளியே போகும்வரை காத்திருந்து செய்த வேலை.

"அண்ணை, இதென்ன இது?"

"ஏன், டாப் இருக்குத்தானே உனக்கு? இனி அறை என்னத்துக்கு? வருசா வருசம் வந்து அம்மாவை ஹோலிலை படுக்கப் போட்டிட்டு நாங்கள் அவவின்ரை அறையிலை படுக்கிறது நல்லாவோ இருக்கு?"

"எந்திரி அனுப்பிற படம் எல்லாம் இதிலை திறக்குமோ தெரியேல்லை. கடைசித் தாள் அளவாய் வருமோ எண்டு பாக்க வேணும். நான் இன்னும் வேலை செய்தே பாக்கேல்லை."

"எல்லாம் வரும். பழகினால் வரும். நீ ஏன் புதுசெண்டால் பயப்பிடுறாய்?"

என் கணவர் சுதாகரன் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்க்கிறவர். பின்னேரம் வந்ததும் அவரிடம் சொன்னேன். அவர் சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டபடி, "கொஞ்ச நாளைக்குத்தானேயப்பா, மச்சான் போனாப் பிறகு எடுத்து வைப்பம்" என்றார். சங்கத்தில் அவருடைய மேசையைத் தூக்கிக் கோடிக்குள் போட்டுவிட்டு, குசினியில் இருந்து கணக்குப் பாருங்கோ என்றால் என்ன செய்வார் என்று கேட்டேன். அது வேறு, இது வேறு என்றார். என்ன வேறு என்று சொல்லவில்லை.

அம்மா சொன்னதுதான் எல்லாவற்றையும்விட எரித்தது. "பிள்ளை குட்டி இல்லாத வீட்டிலை அறைக்கு என்ன அவசரம்? அவன் கட்டின வீடு. அவனுக்கெண்டு ஒரு அறை இருக்கக் கூடாதோ?" எனக்குப் பிள்ளை இல்லை என்பதை எதற்கெல்லாம் இழுக்கலாம் என்று இந்த ஊரில் ஒரு கணக்கே கிடையாது. அறையை எடுப்பதற்கும் அது உதவும் என்று அன்றுதான் அறிந்தேன். அதுவும் என் அம்மாவின் வாயால்.

சரி, வேலை செய்து பார்த்தேன். நியாயமாகச் சொல்கிறேன். முதல் யோசனையைக் கீறுவதற்கு அதற்கு நிகர் இல்லை. காணியின் படத்தை அடியில் போட்டுவிட்டு, மேலே பேனையால் கோடு கோடாக இழுத்து, இங்கே விறாந்தை, அங்கே கிணறு என்று வைத்துப் பார்ப்பது கணினியில் ஒருநாளும் வராத சுகம். ஆட்களுக்கு முன்னால் இருந்து கீறிக் காட்டலாம். சுவர்களைக் கட்டம் போட்ட தாளில் அடிக்கணக்காக இழுத்து வைக்கவும் ஒரு செயலி இருந்தது. சுவரை இழுத்தால் அளவும் தானாக மாறும். கையால் எழுதத் தேவையில்லை.

ஆனால் எந்திரி அனுப்புகிற கொங்கிரீட் கம்பிப் படம் பாதி திறக்கும், பாதி திறக்காது. முன்பு ஒரு திரையில் நில அளவைப் படமும் மற்றதில் என் படமும் இருக்கும். இப்போது ஒன்றை மூடித்தான் மற்றதைத் திறக்க வேண்டும். பிரதேச சபைக்குப் போகும் பெரிய தாளை ஒழுங்குபடுத்த யாழ்ப்பாணத்தில் அச்சுக்கடைக்காரரின் கணினிக்கு முன்னால் போய்க் கெஞ்சிக்கொண்டு நின்றேன். பாதி வேலை சுகம், பாதி வேலை சீவன் போகிறது. இந்தச் சாமான் கணினிக்கு ஈடாகுமா என்று யாராவது மரியாதையாகக் கேட்டிருந்தால் இந்தப் பதிலை மரியாதையாகவே சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. கேட்காமலே பதிலையும் சொல்லி, அறையையும் எடுத்துவிட்டார்கள்.

உண்மையான வில்லங்கம் வேறு இடத்தில் இருந்தது. கணினிக்கு முன்னால் நான் இருந்தால் அது வேலை. மடியில் ஒரு பலகையை வைத்துப் பேனையால் கீறினால் அது விளையாட்டு. அப்படித்தான் வீடு முழுக்க முடிவெடுத்துவிட்டது.

"கஜந்தினி, நீர் சும்மா தானே இருக்கிறீர், இந்த வெங்காயத்தை ஒருக்கால் உரிச்சுத் தாருமன்." அது அண்ணி.

"மாமி, கார்ட்டூன் பாத்திட்டுத் தாறன்." அது தாரிகா.

"பிள்ளை, உதை வைச்சிட்டு வா, சோறு அடிப்பிடிக்குது." அது அம்மா.

ஒருநாள் குசினியிலிருந்து வந்து பார்க்கிறேன், டாப்லெட்டின்மேல் புட்டுக் கோப்பை இருக்கிறது. அதன்மேல் வைத்து அண்ணன் சாப்பிடுகிறார். மேசை விரிப்பில் கறி படக்கூடாதாம். நான் கோப்பையைத் தூக்கி விரிப்பில் வைத்தேன். அண்ணி முகத்தைச் சுழித்தார்.

இன்னொரு நாள் மத்தியானச் சாப்பாட்டில் அண்ணன் சொன்னார், "தங்கச்சி, அந்த அறைக்கு ஒரு பாத்ரூம் சேர்க்க வேணும். டாப்பிலை ஒரு படம் கீறித் தா. நாங்கள் போறதுக்கு முந்தி மேசனைப் பிடிச்சுக் கதைப்பம்." எனக்கு விளங்கிவிட்டது. கொஞ்ச நாளைக்கு இல்லை. என் அறை போனது போனதுதான். அந்தச் சாமான் எனக்குத் தந்த பரிசில்லை, அறைக்கு மாற்றாகத் தந்தது. சுதாகரனைப் பார்த்தேன். அவர் மீன் முள்ளை மிகவும் கவனமாக எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில் என் கையில் இருந்தது கனகரத்தினம் ஐயாவின் வீடு. இலண்டனில் பலகாலம் இருந்துவிட்டு, வட்டுக்கோட்டையில் சொந்தக் காணியில் கட்ட வந்தவர். மனையடி சாத்திரம் பார்ப்பவர். எங்கள் பக்கத்தில் அது புதுமையில்லை. ஒவ்வொரு அறைக்கும் உள்ளளவு என்ன என்று கேட்டுத்தான் படத்தைத் தொடுவோம். பெரிய படுக்கையறை பதினாறு அடி, அது நல்லது. பதினைந்து ஆகாது. பக்கத்துச் சின்ன அறை பதினொன்று, அதுவும் நல்லது. பன்னிரண்டு ஆகாது. எனக்கு அதில் நம்பிக்கை உண்டா என்பது வேறு கதை. வீட்டில் இருக்கப்போகிறவர் கேட்ட அளவைக் கொடுப்பது என் வேலை.

ஆவணி பிறந்ததும் அத்திவாரத்துக்கு நாட்கல் வைக்க நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன் காணியில் சுவர் வரும் இடங்களுக்கு முளை அடித்து நூல் கட்ட வேண்டும் என்று படத்தைக் கேட்டார். சாப்பாட்டு மேசையில் இருந்து முடித்தேன். அறை அறையாக, அளவு அளவாக, இரண்டு தரம் சரி பார்த்தேன். சரியாக இருந்தது. அனுப்பக் கை வைக்கிற நேரம் அம்மா குசினியிலிருந்து கூப்பிட்டார்.

"பிள்ளை, பால் பொங்கப் போகுது. நான் சாமி அறையிலை நிக்கிறன், ஓடி வா!"

ஹோலில் அண்ணன் இருந்தார், கிரிக்கெட் பார்த்துக்கொண்டு. அண்ணி இருந்தார், ரொறன்ரோவுக்குக் கதைத்துக்கொண்டு. இரண்டு பேரும் என்னைவிடக் குசினிக்குக் கிட்ட. இரண்டு பேரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். எழும்பிப் போய் அடுப்பை நிறுத்தி, பாலை இறக்கி, எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன். அதற்குள் கனகரத்தினம் ஐயா இரண்டு தரம் அழைத்துவிட்டார். சரி பார்த்துவிட்டுத்தானே எழும்பினேன். படத்தை அனுப்பினேன்.

நாட்கல் வைக்கிற அன்று எனக்கும் அழைப்பு. பட்டுச் சேலை கட்டிக்கொண்டு என் ஸ்கூட்டியில் போனேன். காணி நிறையச் சொந்தக்காரர். வடகிழக்கு மூலையில் ஐயர் பூசையை முடித்து, நேரத்துக்குக் கல்லை வைத்தார். அந்த மூலையில் ஒரு குறையும் இல்லை. பிறகு கனகரத்தினம் ஐயா, தன் வீட்டைத் தானே ஒருமுறை அளந்து பார்க்கிற ஆசையில், அளவு நாடாவை எடுத்தார். நூலோடு நூலாக இழுத்தார். நின்றார். திரும்பவும் இழுத்தார்.

"பிள்ளை, இஞ்சை வாரும். இதிலை எத்தினை எண்டு நீரே வாசியும்."

குனிந்து பார்த்தேன். "பதினைஞ்சு."

"நான் எத்தினை சொன்னனான்?"

"பதினாறு ஐயா."

"சரி, அடுத்த அறையைப் பாப்பம்." அவரே இழுத்தார், அவரே வாசித்தார். "பன்னிரண்டு. ஒண்டு பிழைச்சால் கை தவறினது எண்டு விடலாம். இரண்டும் ஆகாத அளவிலை வந்து நிக்குது. என்ரை வீட்டை நினைச்சோ கீறினீர், வேறை எதையும் நினைச்சோ?"

கையில் இருந்த அச்சுத்தாளை வாங்கிப் பார்த்தேன். அதிலும் பதினைந்து, பன்னிரண்டு என்றுதான் இருந்தது. அழகாக, நேராக, கோடு பிசகாமல். என் கண்ணையே நம்ப முடியவில்லை. அவருடைய மனைவி என்னைப் பார்க்காமல் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டார். ஐயர் தட்டை அடுக்குவதை நிறுத்திவிட்டார்.

"உம்மடை அண்ணரை நல்லூரிலை கண்டனான்" என்றார் கனகரத்தினம் ஐயா. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். "தங்கச்சி இப்ப சமைச்சுக்கொண்டே பிளான் கீறுறா எண்டு பெருமையாச் சொன்னவர். இது வீடு, பிள்ளை. கறியில்லை."

யாரோ சிரித்தார்கள்.

"நாளைக்கு விடிய மேசன்மார் அத்திவாரம் வெட்ட வருவினம். அதுக்குள்ளை சரியான படம் வர வேணும். இல்லாட்டி நான் வேறை ஆளைப் பாக்கிறன். குறை நினையாதையும்."

அவரில் குறை நினைக்க என்ன இருக்கிறது? வட்டுக்கோட்டையிலிருந்து சண்டிலிப்பாய் வரைக்கும் எனக்குள் கொதித்துக்கொண்டே வந்தேன். இத்தனை வருடத்தில் என் படத்தில் ஒரு அங்குலம் பிசகினதாக யாரும் சொன்னதில்லை. இனிச் சொல்வார்கள். இந்த ஊர்களில் வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரு கலியாண வீட்டிலோ செத்த வீட்டிலோ சந்தித்துக்கொள்கிறவர்கள்தான். பதினாறு கேட்டவருக்குப் பதினைந்து போட்டவள் என்று ஒரு பெயர் வந்தால், அதை அழித்து வேறொன்று எழுத முடியாது.

வீட்டுக்கு வந்தேன். எல்லோரும் ஹோலில் இருந்தார்கள். சுதாகரனும் அன்று வேளைக்கே வந்திருந்தார். சேலையோடு மேசையில் இருந்து டாப்லெட்டைத் திறந்தேன். படத்தில் நடுச்சுவர் ஒரு கட்டம் தள்ளி நின்றது. ஒரு கட்டம் ஒரு அடி. பெரிய அறையில் ஒரு அடி குறைந்து சின்ன அறையில் ஒரு அடி கூடியிருந்தது. அளவுகளும் நான் முன்பு சொன்னபடி தானாக மாறியிருந்தன.

"ஆர் இதைத் தொட்டது?"

தாரிகா கதிரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒளிக்கவில்லை. அவளுக்கு அது குற்றமாகவே தெரியவில்லை.

"நான்தான் மாமி. நீங்கள் பாலுக்குப் போகேக்கை. அந்தச் சின்ன ரூம் பாவம், அதுக்கு இடமே இல்லை. பெரிய ரூமிட்டை எடுத்துக் கொஞ்சம் இடம் குடுத்தனான்."

அவளை என்ன சொல்ல? இந்த வீட்டில் ஒரு சின்ன அறைக்காக இரங்கிய ஒரே ஆள் அவள்தான். அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார். "பாத்தியே, என்ரை பிள்ளை இப்பவே ஆர்க்கிடெக்ட்!" பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தி, "என்ன நடந்தது?" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். கறியில்லை என்றதையும் சொன்னேன். அது தன் வாயிலிருந்து போன கதை என்று அவருக்கு விளங்கியதாகத் தெரியவில்லை.

"அதுக்கு டாப் என்ன செய்யும்? நீதான் கவனமா இருக்க வேணும். புதுச் சாமான் எண்டால் பழகுமட்டும் கொஞ்சம் அவதானமாப் பாவிக்க வேண்டாமோ? உனக்குப் பாவிக்கத் தெரியேல்லை, அதுதான் பிரச்சினை."

"டாப்பிலை பிழையில்லை அண்ணை. பிள்ளையிலையும் பிழையில்லை. நான் ரெண்டு தரம் சரி பாத்துத்தான் எழும்பினனான். கதவில்லாத இடத்திலை என்னைக் கொண்டுவந்து இருத்தினது ஆர்?"

"என்ன கதவு கதவு எண்டுறாய்? நான் கட்டின வீட்டிலை எனக்கு ஒரு அறை இல்லையோ?"

அம்மா குறுக்கே வந்தார். "விடு பிள்ளை, அவன் லீவிலை வந்து நிக்கிறான்."

விடவில்லை. எழும்பினேன்.

"நீங்கள் கட்டினனீங்கள் அண்ணை. ஓம். பனியிலை நிண்டு உழைச்ச காசு. அதை நான் ஒருநாளும் மறக்கேல்லை, மறக்கவும் மாட்டன். ஒண்டே ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. இந்த வீட்டை எனக்குத் தந்தனீங்களோ, இல்லையோ?"

எங்கள் ஆட்களுக்கு நான் என்ன கேட்டேன் என்று விளங்கும். தங்கைக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டை, அவளுடைய மாப்பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு, தரவில்லை என்று யாழ்ப்பாணத்தில் எந்த அண்ணனாலும் சொல்ல முடியாது. அப்படிச் சொன்னால் அந்தக் கலியாணத்தையே பொய்யென்று சொன்ன மாதிரி. தந்தேன் என்று சொன்னால், பிறகு "நான் கட்டின வீடு" என்ற பேச்சுக்கு இடமில்லை. அண்ணன் சுதாகரனைப் பார்த்தார். சுதாகரன் இந்த முறை கீழே பார்க்கவில்லை. அவரும் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"என்ன கேள்வி இது? தந்தது தந்ததுதான்."

"ஆருக்கு?"

"உனக்குத்தான்."

"அப்ப நல்லது. இண்டைக்கு நான் வேலை செய்ய வேணும். நீங்கள் அம்மாவின்ரை அறையிலை படுக்கலாம், ஹோலிலை படுக்கலாம், குசினியிலையும் படுக்கலாம். மெத்தையைத் தூக்கிக்கொண்டு போனால் சரி. படுக்கிறதுக்கெண்டு ஒரு அறை தேவையே இல்லை அண்ணை."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்து, தன் சொற்களை அடையாளம் கண்டவராய் நிறுத்திக்கொண்டார். நான் உள்ளே போய் முதல் பெட்டியைத் தூக்கினேன். பாரம். உருட்டிக்கொண்டு வந்து அம்மாவின் அறை வாசலில் வைத்தேன். இரண்டாவதையும் வைத்தேன். யாரும் தடுக்கவில்லை, யாரும் உதவவும் இல்லை. கட்டிலை அந்தப் பக்கம் சுவரோடு தள்ளினேன். கோடிப்புறம் போய்த் தேங்காய்களை ஒவ்வொன்றாக இறக்கினேன். மேசையைத் தூக்க முயன்றபோது மறுபக்கம் தானாக எழும்பியது. சுதாகரன் பிடித்திருந்தார்.

"சொல்லியிருக்கலாமே, இவ்வளவு எண்டு" என்றார்.

"சொன்னனான். நீங்கள் சேட்டைக் கழட்டிக்கொண்டு நிண்டனீங்கள்."

அவரோடு கோபம் தீரவில்லை. மேசைக்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். யன்னலுக்குக் கீழே பழைய இடத்தில் வைத்தோம். தேங்காய்த் தும்பைத் துடைத்தேன். கணினியை எடுக்கவில்லை. அந்த வயர்ப் பையை அவிழ்ப்பதற்கே ஒரு நாள் வேண்டும். டாப்லெட்டைத்தான் மேசையில் வைத்தேன். அதற்கு என்மேல் ஒரு கோபமும் இல்லை, எனக்கும் அதன்மேல் இல்லை.

சுதாகரனை வெளியே போகச் சொன்னேன். கதவைச் சாத்தினேன்.

வடக்கு யன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. பேனையை எடுத்து நடுச்சுவரைத் தொட்டேன். ஒரு கட்டம் தள்ளினேன். பதினைந்து பதினாறானது, பன்னிரண்டு பதினொன்றானது. பிறகு முதல் அறையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு அளவாக வாசித்துக்கொண்டு போனேன். வெளியே ஹோலில் அண்ணன் அம்மாவோடு ஏதோ குசுகுசுத்தார். அண்ணி பெட்டியை உருட்டும் சத்தம் கேட்டது. நான் விறாந்தைவரை வந்துவிட்டேன். குசினி அளவு பாக்கி.

"பிள்ளை!" அம்மாவின் குரல். "பால் வைச்சனான், பொங்குது! பிள்ளை!"

கை பேனையில் நின்றது. கால்கள் தாமாக எழும்பப் பார்த்தன. நான் அவற்றை விடவில்லை. கதவுக்கு வெளியே சின்னக் காலடிகள் ஓடி வந்து நின்றன. பிறகு தாரிகாவின் குரல், குசினிப் பக்கம் திரும்பி, பெரிதாக.

"அப்பம்மா, கூப்பிடாதேங்கோ. கதவு சாத்தியிருக்கு. மாமி வேலை செய்யிறா."

பால் பொங்கி அடுப்பில் வழிந்து கருகுகிற மணம் கதவுக்குக் கீழால் வந்தது. நான் எழும்பவில்லை. குசினியின் அளவைப் போட்டேன்.